‘சீட்’ என்னும் இங்கிலீஷ் வார்த்தை

இங்கிலீஷ் பாஷையைக் கற்றறியாதவர்களும் நன்கறிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் சில நம் நாட்டில் உண்டு. கோர்ட்டு, போலீஸ், நோட்டீஸ், வாரண்டு என்பவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது ‘சீட்’ என்பது. சீட்டுக் கட்டிப் பணத்தை இழந்தவரும், போலிப் பத்திரத்தை நம்பி நிலம் வாங்கியவரும், வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன மனிதரிடம் தாலியை அடகு வைத்துப் பணம் கொடுத்தவரும் போலீஸ் ஸ்டேஷன் படியேறும்போது, “சீட்டிங் கேஸ் போட வேண்டும்” என்றே வாய் திறக்கிறார்கள்.

தமிழெழுத்தில் எழுதும்போது, ஆசனத்தைக் குறிக்கும் ‘சீட்’டும், வஞ்சனையைக் குறிக்கும் ‘சீட்’டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இது நமது லிபியின் குறையோ, அன்றி அதன் தீர்க்கதரிசனமோ, நாம் அறியோம். சட்டசபைத் தேர்தல் காலங்களில் இவ்விரண்டையும் பிரித்தறிய வாசகர்கள் சற்றுச் சிரமப்படுவதுண்டு. இங்கே நாம் பேசப் புகுவது பின்னதைப் பற்றி.

ராஜ்ய விஷயங்கள் எத்தனையோ இருக்க, ஒரு வார்த்தைக்கு ஒரு வியாசம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மனிதர்களுக்கு இருப்பதுபோல் வார்த்தைகளுக்கும் ஜாதகம் உண்டு. இந்த வார்த்தையின் ஜாதகத்தைக் கணித்துப் பார்த்தால், இது திருடர் சந்தில் பிறந்ததன்று என்பதும், ராஜாங்கக் கச்சேரியில் பிறந்தது என்பதும் விளங்கும். அதன் பிற்காலச் சரித்திரமோ நமது தேசத்தின் சரித்திரத்தோடும், சிறப்பாகத் தஞ்சாவூர் அரண்மனையோடும் பின்னிக் கிடக்கிறது. இந்த ஜாதகத்தில் குடிகள் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதே நமது நோக்கம்.

பொருளும் பிரயோகமும்

முதலில் வார்த்தையின் பொருளைத் தெளிந்துகொள்வோம். பொய் சொல்பவனெல்லாம் ‘சீட்’ செய்பவன் ஆகமாட்டான். பொய் வாயளவில் நின்றுவிடலாம்; யாருக்கும் நஷ்டமில்லாத பொய்யும் உண்டு. திருடனும் ‘சீட்’ செய்பவன் அல்லன். திருடன் உடையவன் அறியாமல் எடுக்கிறான். கொள்ளைக்காரன் உடையவனை அச்சுறுத்தி எடுக்கிறான். ‘சீட்’ செய்பவனுக்கோ உடையவனே தன் கையால் எடுத்துக் கொடுக்கிறான், நம்பிக் கொடுக்கிறான், சில சமயம் நன்றி சொல்லியும் கொடுக்கிறான். நம்பிக்கை என்ற ஒன்று இல்லாத இடத்தில் இந்தக் குற்றம் நிகழவே முடியாது. ஆகையால்தான் பொருளை இழந்த துக்கத்தைவிட, ‘நம்பினோமே’ என்ற துக்கம் ஏமாந்தவனை அதிகமாக வாட்டுகிறது.

இங்கிலீஷ்காரர்கள் இவ்வார்த்தையை வினைச்சொல்லாகவும் பெயர்ச்சொல்லாகவும் வழங்குகிறார்கள். ஏமாற்றுவதும் ‘சீட்’, ஏமாற்றுகிறவனும் ‘சீட்’. சீட்டாட்டத்தில் அட்டையை மறைப்பவனுக்கும், பரீட்சையில் அடுத்தவன் காகிதத்தைப் பார்த்து எழுதுபவனுக்கும், கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்பவனுக்கும், பொய்த் தராசு பிடிக்கும் வியாபாரிக்கும் அவர்கள் இந்த ஒரே வார்த்தையைச் சூட்டுகிறார்கள். சாகவேண்டிய தறுவாயில் பிழைத்தெழுந்தவனைச் சாவையே ‘சீட்’ செய்தான் என்பதும் அவர்கள் வழக்கம்.

நாம் அவ்வாறு ஒரே வார்த்தையால் எல்லாவற்றையும் அளப்பதில்லை. கடைத்தெருவில் நடப்பது மோசடி; சிநேகிதரிடையே நடப்பது துரோகம்; ஆட்டத்தில் நடப்பது கள்ள ஆட்டம்; பேச்சில் நடப்பது புரட்டு; இவை யாவும் ஒருவனிடத்தில் சேர்ந்துவிட்டால் பித்தலாட்டம். இவற்றுக்கெல்லாம் அடியில், நெஞ்சில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று காட்டும் அந்தக் குணத்துக்கு வஞ்சனை என்று பெயர். இத்தனை வார்த்தைகள் நம்மிடம் இருந்தும், கச்சேரிக்குப் போகும்போது மட்டும் ‘சீட்டிங்’ என்கிறோம். காரணம், சட்டம் அந்தப் பாஷையில் வந்ததுதான். ஆனால் அந்த வார்த்தையே சட்டத்தின் வயிற்றிலிருந்துதான் பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

பிறந்த வீடு

‘சீட்’ என்பது முழு வார்த்தையன்று, தலையிழந்த வார்த்தை. அதன் பூர்வ வடிவம் ‘எஸ்சீட்’ என்பது. பழைய பிரெஞ்சு பாஷையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த இச்சொல்லுக்கு மூலம், ‘விழுதல்’ என்னும் பொருளுள்ள லத்தீன் பதம். மத்தியகால இங்கிலாந்தில் நிலம் எல்லாம் முடிவில் அரசனுடையது என்பது சட்டத்தின் கொள்கை. பிரபுக்களும், அவர்களுக்குக் கீழ்ப்பட்டவர்களும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக நிலத்தை அநுபவித்து வந்தார்கள். நிலத்தை அநுபவித்தவன் வாரிசின்றி இறந்தாலும், கொடுங்குற்றம் செய்து தண்டனை அடைந்தாலும், அந்த நிலம் மேலே இருந்த பிரபுவின் மடியிலோ, அரசன் மடியிலோ ‘விழும்’. அப்படி விழுவதே ‘எஸ்சீட்’.

விழும் பழத்தைப் பொறுக்க ஆள் வேண்டாமா? அதற்கென்று ஜில்லாதோறும் ‘எஸ்சீட்டர்’ என்ற உத்தியோகஸ்தர்கள் நியமிக்கப்பட்டார்கள். அரசனிடம் நேராக நிலம் பெற்றிருந்த ஒருவன் இறந்தால், எஸ்சீட்டர் அவ்விடம் சென்று, ஊரார் சிலரை ஜூரிகளாகக் கூட்டி, இறந்தவனுக்கு இருந்த நிலம் எவ்வளவு, வாரிசு யார், வாரிசின் வயதென்ன என்று விசாரித்து எழுதி அனுப்ப வேண்டும். அதுவரையில் சொத்து அரசன் கையில் இருக்கும். அதாவது எஸ்சீட்டர் கையில் இருக்கும்.

இதற்குமேல் நடந்தது என்னவென்பதைக் கர்ணம், தாசில்தார் கச்சேரிகளை அறிந்த நமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வாரிசு இருக்க, இல்லை என்று எழுதினார்கள். நிலத்தின் பட்டாவில் குற்றம் கண்டார்கள். ஜூரிகளை மிரட்டினார்கள். ஏழாம் ஹென்ரி மன்னனுடைய மந்திரிகளான எம்ப்ஸன், டட்லி என்ற இருவர் இவ்விதப் பொய் விசாரணைகளாலும், பிற தண்டங்களாலும் கஜானாவை நிரப்பி, ஜனங்களின் சாபத்தைத் தேடிக்கொண்டார்கள். 1509-ம் வருஷம் அவ்வரசன் இறந்தான். மறு வருஷமே இருவர் தலையும் வெட்டப்பட்டன. அவர்கள் செய்வித்த பொய் விசாரணைகளை ரத்துச் செய்யப் பார்லிமெண்டு சட்டம் இயற்ற நேர்ந்தது.

தலைகளை வெட்டியது அரசன் செய்த தண்டனை. ஜனங்கள் செய்த தண்டனை வேறு. அவர்கள் ‘எஸ்சீட்’ என்ற கச்சேரி வார்த்தையின் தலையை வெட்டி, மிச்சத்தை வஞ்சனைக்குப் பெயராக வைத்தார்கள். லண்டனில் பொய்ப் பாச்சிகை உருட்டிப் பட்டிக்காட்டாரை மொட்டையடித்தவர்கள் தங்களுக்குச் ‘சீட்டர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டதையும், அப்பெயரை அவர்கள் வக்கீல்களுடைய பாஷையிலிருந்து இரவல் வாங்கியதையும் 1552-ம் வருஷத்தில் வெளிவந்த ஒரு சிறு புஸ்தகம் விவரிக்கிறது. அந்த நூற்றாண்டின் முடிவில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘விண்ட்ஸர் நகரத்துக் குதூகல மனைவியர்’ என்ற நாடகத்தில், பால்ஸ்டாப் என்னும் தடியன், பணக்கார மனைவியர் இருவரைக் கஜானாவாகவும் தன்னை அக்கஜானாவுக்குச் ‘சீட்டர்’ ஆகவும் வருணித்துக்கொள்கிறான். அரசனின் உத்தியோகஸ்தன் என்றும் வஞ்சகன் என்றும் அவ்வொரே வார்த்தை இரு பொருள் தந்ததால், கொட்டகையில் இருந்தோர் சிரித்திருப்பார்கள்.

சூதாடிகளின் செய்கையைப் பார்த்து ஜனங்கள் உத்தியோகஸ்தர்களைத் திட்டவில்லை. உத்தியோகஸ்தர்களின் செய்கையைப் பார்த்துச் சூதாடிகளுக்குப் பெயர் வைத்தார்கள். இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ராஜாங்கம் ஜனங்களுக்குப் பட்டங்கள் வழங்குவது உலக வழக்கம். ஜனங்கள் ராஜாங்கத்துக்கு வழங்கிய பட்டம் இது.

விழுந்த சமஸ்தானங்கள்

இனி இவ்வார்த்தையின் மூத்த சகோதரம் நம் தேசத்துக்கு வந்த கதையைக் கூறுவோம். 1848 முதல் 1856 வரையில் கவர்னர் ஜெனரலாக இருந்த லார்டு டல்ஹௌஸி, சுவீகார புத்திரனுக்கு ராஜ்ய பாத்தியதை இல்லை என்ற விதியைக் கடுமையாக அமலுக்குக் கொண்டுவந்தார். ஆண் சந்ததியின்றி இறந்த அரசரின் சமஸ்தானம் கும்பினியாரின் மடியில் விழுந்துவிடும் என்பது அவ்விதி. இதற்கு இங்கிலீஷில் ‘லாப்ஸ்’ என்று பெயர். ‘லாப்ஸ்’ என்பதற்கும் லத்தீனில் வழுக்கி விழுதல் என்றே அர்த்தம். எஸ்சீட்டும் விழுதல்; லாப்ஸும் விழுதல். பெயர் வேறாயினும் குலம் ஒன்றே.

இவ்வாறு 1848-ல் சத்தாரா விழுந்தது. அடுத்தடுத்துச் சம்பல்பூர் விழுந்தது, ஜான்ஸி விழுந்தது, நாகபுரி விழுந்தது. ஜான்ஸி அரசர் கங்காதர ராவ் 1853-ம் வருஷம் நவம்பரில், இறப்பதற்கு முதல் நாள், சாஸ்திரப்படி ஒரு குழந்தையைச் சுவீகாரம் செய்துகொண்டார். இந்து தர்மத்தில் சுவீகார புத்திரன் ஈமக்கடன் செய்யலாம். தந்தையின் கடனையும் தீர்க்கலாம். ராஜ்யத்தை மட்டும் ஆளக்கூடாது என்பது கும்பினியார் கண்ட சாஸ்திரம். அதன் பலன் என்னவாயிற்று என்பதை 1857-ம் வருஷத்துச் சரித்திரமும், ராணி லக்ஷ்மிபாயின் வாளும் சொல்லும்.

தஞ்சை அரண்மனை

தஞ்சாவூரின் கதை இவற்றைவிடத் தெளிவானது. ஏனெனில் அது கோர்ட்டுக்குச் சென்றது. 1799-ம் வருஷத்து உடன்படிக்கையால் சரபோஜி மன்னர் நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினியாரிடம் விட்டுவிட்டார். கோட்டையும் அதைச் சார்ந்த இடமும், ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு மிஞ்சின. அவர் குமாரர் சிவாஜி 1855-ம் வருஷம் அக்டோபரில் ஆண் சந்ததியின்றிக் காலமானார். ராணிமார்கள் இருந்தார்கள், மகள் இருந்தாள். மகளைப் பட்டத்துக்கு அங்கீகரிக்கலாம் என்று அங்கிருந்த ரெஸிடெண்டு போர்ப்ஸ் என்பவரே சிபார்சு செய்தார். கும்பினியார் கேட்கவில்லை.

மறு வருஷம் அக்டோபரில் அதே போர்ப்ஸ் துரை சிப்பாய்களோடு வந்து, அரண்மனையைக் கைப்பற்றி, சாமான்களுக்கு முத்திரை வைத்தார். ராஜ்யத்தைச் சேர்ந்த சொத்து, அரசருடைய சொந்தச் சொத்து என்ற பேதம் அங்கே பார்க்கப்படவில்லை. நகைகளும், நிலங்களும், பாத்திரங்களும் ஒருங்கே கும்பினிச் சொத்தாயின.

மூத்த ராணியான காமாட்சிபாய் சாஹேபா சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் வியாஜ்யம் தொடுத்தார். அரசரின் சொந்தச் சொத்தாவது வாரிசுகளுக்குச் சேரவேண்டும் என்பது அவர் வழக்கு. சென்னைக் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சர்க்கார் லண்டன் பிரிவி கௌன்ஸிலுக்கு அப்பீல் செய்தது. 1859-ம் வருஷம் ஜூலையில் லார்டு கிங்ஸ்டவுன் சொன்ன தீர்ப்பு, சட்டம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் இன்றளவும் படிக்கும் தீர்ப்பாகும்.

அத்தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னவை இரண்டு. தஞ்சை அரசர் பிரிட்டிஷ் மகுடத்துக்கோ கும்பினிக்கோ கீழ்ப்பட்டு நிலம் அநுபவித்தவர் அல்லர். ஆகையால் அவர் மகனின்றி இறந்தார் என்பதைக் கொண்டு அவர் சொத்தை ‘எஸ்சீட்’ என்றோ, உடையவரற்ற பொருள் என்றோ பாத்தியம் கொண்டாடச் சட்டத்தில் ஆதாரம் ஏதும் இல்லை என்பது முதலாவது. எனினும் அது ஓர் அரசாங்கம் தன் அதிகாரத்தால் செய்த ராஜரீகச் செய்கை. அது நியாயமா, அநியாயமா என்று விசாரிக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை என்பது இரண்டாவது. இக்காரணத்தால் ராணியின் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இதன் தாத்பரியத்தை நாம் எளிய தமிழில் சொல்வோம். ஏழை ஒருவன் பிறன் சொத்தை உரிமையின்றி எடுத்தால் சட்டம் அவனைப் பிடிக்கும். சர்க்கார் உரிமையின்றி எடுத்தால், உரிமையின்றி எடுத்தது என்பதனாலேயே சட்டம் அதைப் பிடிக்க முடியாது! உரிமை உண்டு என்று சர்க்கார் வாதித்திருந்தாலாவது, அந்த உரிமையைக் கோர்ட்டு அலசிப் பார்த்திருக்கும். உரிமையே இல்லை என்றதும் கோர்ட்டு கையைக் கட்டிக்கொண்டது.

சிப்பாய்களைக் கொண்டு எடுத்தது கொள்ளைதானே, அதை வஞ்சனை என்பது எப்படி என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நாமே மேலே வகுத்த இலக்கணத்தின்படி அந்தக் கேள்வி நியாயமானதே. எடுத்த முறை கொள்ளை. அதன்மேல் போர்த்திய போர்வைதான் வஞ்சனை. வாரிசில்லாத சொத்து தானாக வந்து மடியில் விழுந்தது என்று உலகத்தாரை நம்பச் செய்தார்களே, அதுதான் பழைய எஸ்சீட்டரின் வித்தை. விழுந்ததல்ல, பறித்தது என்று அவர்கள் நாட்டு நீதிபதிகளே சொல்லிவிட்டார்கள். ‘எஸ்சீட்’ அல்லவென்று அவர்கள் தீர்த்த பிறகு மிஞ்சுவது என்ன? அவ்வார்த்தையின் தலையை நீக்கிவிட்டு வாசகர்களே படித்துக்கொள்ளலாம்.

1862-ம் வருஷம் ஆகஸ்டில் சர்க்காரே மனமிரங்கி, அரசரின் சொந்தச் சொத்தை ராணிமார்களுக்கு விட்டுக்கொடுத்தது. உரிமையாகக் கிடைக்காதது தயவாகக் கிடைத்தது. சுவீகாரத்தை அங்கீகரிப்பதாகச் சுதேச மன்னர்களுக்கு ஸனதுகள் வழங்கி, லாப்ஸ் விதியையும் லார்டு கானிங் காலத்தில் கைவிட்டார்கள். ஆனால் விழுந்த சமஸ்தானங்கள் விழுந்தவையே.

415-வது பிரிவு

அதே 1862-ம் வருஷம் ஜனவரி முதல் தேதிதான் இந்தியன் பீனல் கோடு அமலுக்கு வந்தது. அதன் மூல நகலை 1837-ல் தயாரித்த கமிஷனுக்குத் தலைவர் மெக்காலே. அதன் 415-வது பிரிவு ‘சீட்டிங்’ என்ற குற்றத்துக்கு இலக்கணம் வகுத்தது. ஒருவனை ஏமாற்றி, அதன் மூலம் அவனைக் கபடமாகவோ நாணயமின்றியோ தூண்டி, பொருளைக் கொடுக்கும்படி செய்வது இக்குற்றம். இதன் கடுமையான வகைக்கு 420-வது பிரிவு ஏழு வருஷம் வரையில் தண்டனை விதித்தது. அந்த இலக்கமே வஞ்சகனுக்குப் பெயராகிவிட்டது. ‘அவன் பெரிய நானூற்றிருபது’ என்று காசி முதல் கன்னியாகுமரி வரையில் சொல்கிறார்கள். 1955-ல் அவ்விலக்கத்தைத் தலைப்பில் தாங்கி ‘ஸ்ரீ 420’ என்ற ஹிந்தி சினிமாவும் வந்தது. 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி பீனல் கோடு போய்ப் பாரதீய நியாய ஸம்ஹிதை வந்து, குற்றம் 318-வது பிரிவுக்குக் குடிபெயர்ந்தது. ஆயினும் ஜனங்கள் பழைய இலக்கத்தை விட்டபாடில்லை. சர்க்கார் சட்டத்தை மாற்றலாம்; வசவை மாற்ற முடியாது.

இக்குற்றத்துக்கு உயிர்நாடியான அம்சம் ஒன்றுண்டு. கொடுத்த வாக்கை ஒருவன் நிறைவேற்றவில்லை என்பதனால் மட்டும் அவன் வஞ்சகன் ஆகமாட்டான். மழை பொய்த்திருக்கலாம், வியாபாரம் நொடித்திருக்கலாம். வாக்குக் கொடுத்தபோதே அதை நிறைவேற்றும் எண்ணம் அவனுக்கு இல்லை என்பது ருசுவாக வேண்டும். நமது சுப்ரீம் கோர்ட்டு இதைப் பன்முறை வற்புறுத்தியிருக்கிறது. நெஞ்சில் இருந்தது என்ன என்பதுதான் கேள்வி. மனிதன் நெஞ்சைத் திறந்து பார்ப்பது அரிது. ஆனால் ராஜாங்கங்கள் சில சமயம் தங்கள் நெஞ்சைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுகின்றன.

லிட்டன் பிரபுவின் ஒப்புதல்

1833-ம் வருஷத்துச் சார்ட்டர் சட்டத்தின் 87-வது பிரிவு, மதம், பிறப்பிடம், குலம், நிறம் ஆகிய காரணங்களால் மட்டும் எந்த இந்தியனும் எந்த உத்தியோகத்துக்கும் தகுதியற்றவன் ஆகமாட்டான் என்று வாக்களித்தது. அதைப் பார்லிமெண்டில் பெருமிதத்தோடு ஆதரித்துப் பேசியவர், பிற்பாடு பீனல் கோடு வரைந்த அதே மெக்காலே. அவர் கபடமாகப் பேசினார் என்று நாம் சொல்லவில்லை, மனமாரவே பேசியிருக்கலாம். 1858-ல் மகாராணி விக்டோரியாவின் பிரகடனமும் அந்த வாக்கை உறுதிப்படுத்தியது.

வாக்கு இவ்வாறிருக்க, ஸிவில் ஸர்விஸ் பரீட்சை லண்டனில் மட்டுமே நடந்தது. கடல் கடந்து, ஜாதிக்கட்டு மீறி, அந்நிய பாஷையில் பரீட்சை எழுதி, 1863-ல் ஸத்யேந்திரநாத தாகூர் தேறினார். 1869-ல் ஸுரேந்திரநாத பானர்ஜியும், ரமேச சந்திர தத்தரும், பிஹாரிலால் குப்தாவும் தேறினார்கள். கதவு தட்டப்படும் ஓசை உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது. 21 வயது வரையில் எழுதலாம் என்றிருந்த பரீட்சையை 19 வயதுக்குள் எழுதவேண்டும் என்று 1876-ல் தீர்மானித்தார்கள். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இந்தியன் எழுதக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. இந்திய வாலிபன் எழுத முடியாதபடி மட்டும் செய்துவிட்டார்கள்.

1878-ம் வருஷம் வைஸ்ராய் லிட்டன் பிரபு, மேலிடத்துக்கு ரகஸ்யமாக ஒரு குறிப்பு எழுதினார். இந்தியர்களுக்குத் தரப்பட்ட வாக்குகளை நிறைவேற்ற முடியாது என்பது ஆள்வோருக்குத் தெரியும். நேராக அவர்களைத் தடுப்பது ஒரு வழி, ‘சீட்’ செய்வது மற்றொரு வழி. இரண்டில் நேர்மை குறைந்த வழியையே நாம் தேர்ந்தெடுத்தோம் என்ற கருத்தை அவர் அதில் எழுதினார். பரீட்சை வயதைக் குறைத்ததை அதற்கு உதாரணமாகவும் காட்டினார். இந்த வார்த்தையை அவரே, தம் பேனாவால், தம் ராஜாங்கத்தைப் பற்றி எழுதினார். தாதாபாய் நௌரோஜி இக்குறிப்பை எடுத்து உலகறியச் செய்து, 1901-ல் வெளியிட்ட ‘இந்தியாவின் வறுமை’ பற்றிய தமது பெரும் நூலிலும் சேர்த்தார். ராஜப்பிரதிநிதியின் ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கும்போது, பிரிட்டிஷ் நேர்மையைப் பற்றிய வாதங்களுக்குப் பதில் சொல்வது நம் முன்னோருக்கு எளிதாயிற்று.

அதே 1878-ல்தான் அதே லிட்டன் பிரபு சுதேச பாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டார் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. எந்த உண்மையை அவர் ரகஸ்யமாக மேலதிகாரிக்கு எழுதினாரோ, அந்த உண்மையைப் பத்திராதிபர்கள் பகிரங்கமாக எழுதினால் ராஜத்துவேஷம் என்றார். வஞ்சனைக்கும் வாய்ப்பூட்டுக்கும் உள்ள உறவு இதுதான். ஏமாந்தவன் ‘ஏமாந்தேன்’ என்று சொல்லாதிருக்கும் வரையில்தான் ஏமாற்றுகிறவனுக்குப் பிழைப்பு.

நமது கடமை

அந்நிய ஆட்சி போய்விட்டது. இப்பழங்கதையை இப்போது கிளறுவானேன் என்பார்க்கு நாம் சொல்வது இது: ஆள்வோர் மாறினார்கள், வார்த்தை மாறவில்லை. இங்கிலாந்திலேயே, வாரிசின்மையால் வரும் எஸ்சீட்டை 1925-ம் வருஷத்துச் சட்டத்தால் எடுத்துவிட்டார்கள். ஆனால் நம் அரசியல் சட்டத்தின் 296-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். எஸ்சீட்டும் லாப்ஸும் அங்கே அருகருகே வீற்றிருக்கின்றன. உடையவர் இல்லாத சொத்து ராஜாங்கத்தைச் சேரும் என்பது அதன் விதி. விதியில் குற்றமில்லை, உடையவன் உண்மையிலேயே இல்லாத சொத்து பொதுஜனங்களுக்குச் சேருவது நியாயமே. பத்து வருஷம் யாரும் கேளாத பாங்குப் பணம் 2014 முதல் ரிஸர்வ் பாங்கின் ஒரு தனி நிதிக்குப் போகிறது. ஆனால் உடையவரோ, வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் அதைப் பெறலாம் என்று வைத்திருக்கிறார்கள். எஸ்சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள வரப்பு இதுவே. உடையவனைத் தேடுகிறவன் தர்மகர்த்தா. உடையவன் வந்துவிடக் கூடாதே என்று பார்ப்பவன் எஸ்சீட்டர்.

காமாட்சிபாய்க்கு எதிராகக் கூறப்பட்ட ராஜரீகச் செய்கை என்ற சமாதானத்தைச் சுதந்திர இந்தியாவின் சர்க்கார் தன் சொந்தக் குடிகளுக்கு எதிராகக் கூற இடமில்லை என்று நமது சுப்ரீம் கோர்ட்டு 1954-லேயே சொல்லிவிட்டது. இது பெரிய பேறு. ஆனால் கோர்ட்டின் வாசல் திறந்திருப்பது மட்டும் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் குடிகளுக்கு வாயும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் விதவையிடம் இல்லாத விதியைக் காட்டிக் கை நீட்டுகிறவன் பழைய எஸ்சீட்டரின் பேரன். வயதைக் குறைத்த லிட்டன் காலத்து வித்தையைப் போல, சலுகையைச் சட்டத்தில் கொடுத்து, விண்ணப்பத்தில் பறிப்பதும் அதே குலத்தொழில். இதைத் தவறு, தாமதம், நிர்வாகச் சிக்கல் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டிருப்பது வார்த்தைக்குத் துரோகம் செய்வதாகும்.

அதேசமயம், அரசியல் ஊழியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிறைவேறாத ஒவ்வொரு வாக்கையும் மோசடி என்று மேடையில் முழங்குவது நாணயமான வாதமன்று. எதிர்க்கட்சிக்கு வைக்கும் அளவுகோல் தன் கட்சிக்கும் பொருந்த வேண்டும். சொல்லும்போதே நெஞ்சில் இருந்தது என்ன என்ற அந்தப் பழைய கேள்வியை, தேர்தல் அறிக்கை எழுத உட்காரும் ஒவ்வொருவரும் பேனாவை எடுக்குமுன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்று தெரிந்தே எழுதும் ஒவ்வொரு வரியும் 415-வது பிரிவின் இலக்கணத்துக்குள் அடங்கும். வோட்டு பொருள் அன்று என்பதால் மட்டும் அது கோர்ட்டுக்குப் போகாமல் தப்பிக்கிறது.

கோர்ட்டுக்குத் தப்பலாம்; வார்த்தைக்குத் தப்ப முடியாது. ஐந்நூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் சொத்துக்களைச் சுருட்டிய எஸ்சீட்டர்களின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. அவர்கள் சேர்த்த பணமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுத்தறியாத குடியானவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் மட்டும் கடல் கடந்து வந்து, நமது கிராமத்துப் போலீஸ் ஸ்டேஷன் வரையில் வழங்குகிறது. ஆள்வோர் இதை நினைவில் வைத்தால் அவர்களுக்கு நன்மை. குடிகள் நினைவில் வைத்தால் தேசத்துக்கு நன்மை.